சின்ன கேபினட்டில் ஃபேன் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முன்னால் இழு, பின்னால் தள்ளு" என்பது பெரிய டவர் கேபினட்டுக்கு எல்லோரும் சொல்லும் சூத்திரம். மினி ஐ.டி.எக்ஸ். (சிறிய சதுர மதர்போர்டு வகை) கேபினட் வாங்கியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இதை அப்படியே பின்பற்றப் போய்த்தான். கூலர் மாஸ்டர் என்.ஆர்.200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு சுமார் 18 லிட்டர். முன்பக்கம் மூடிய தகடு, அதன் பின்னால் பவர் சப்ளை. அங்கே ஃபேன் வைக்க இடமே கிடையாது. அடியில் இரண்டு 120 மி.மீ., மேலே இரண்டு 120 மி.மீ., பின்னால் ஒரு 92 மி.மீ. இடம் இருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள தகடு. காற்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்து, மேலும் பின்னும் போக வேண்டிய அமைப்பு இது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் வேண்டும். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் 300 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது, உள்ளே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு சுமார் 25 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஃபேன் அட்டைப்பெட்டியில் போடும் அளவில் அது 53 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). அதாவது 18 லிட்டர் கேபினட்டின் மொத்தக் காற்றும் நொடிக்கு ஒரு முறைக்கு மேல் மாற வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் சி.எஃப்.எம். தடையே இல்லாத வெளியில் அளந்தது. தூசி வடிகட்டி, ஓட்டைத் தகடு, கார்டு, வயர் எல்லாம் குறுக்கே வந்தபின் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே எத்தனை ஃபேன் என்பதை அப்புறம் பார்க்கலாம். புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் வெளிக்காற்றை எங்கிருந்து எடுக்கின்றன, சூடான காற்றை எங்கே விடுகின்றன என்பதை முதலில் பாருங்கள். சின்ன கேபினட்டில் வெளியேறாத சூடு அடுத்த நொடியே இன்னொரு ஃபேனுக்குள் போய்விடும்.

கார்டுக்கு அடியில் ஃபேனைத் திணிப்பது

அதிகம் கெடுவது இங்கேதான். என்.ஆர்.200 போன்ற கேபினட்டில் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் தரையைப் பார்த்திருக்கும். இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டு (ஸ்லாட் என்பது கேபினட்டின் பின்பக்கம் கார்டுக்கு விட்டிருக்கும் இடம்) என்றால் அடித்தகட்டுக்கும் கார்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். அங்கே 25 மி.மீ. தடிமனுள்ள இரண்டு ஃபேன்களை உள்ளிழுக்கும் திசையில் வைத்தால் பலன் கண்கூடாகத் தெரியும். கார்டு தன் சூட்டையே திரும்ப இழுப்பது குறையும்.

மூன்று ஸ்லாட் கார்டில் கதை வேறு. 25 மி.மீ. ஃபேன் வழக்கமாக நுழையாது, 15 மி.மீ. மெலிந்த ஃபேன்தான் பொருந்தும். கார்டின் ஃபேன் அடித்தகட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்றால் அது வெளிக்காற்றை நேரடியாகவே இழுத்துக்கொள்ளும். இடையில் இன்னொரு ஃபேனைச் செருகினால் இரண்டு இறக்கைகளும் ஒன்றின் காற்றை ஒன்று வெட்டி ஊளையிடும், வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரிகூட இறங்காது. அந்த இடத்தை வெறுமையாக விடுவதே மேல்.

அடி ஃபேனை வெளியேற்றும் திசையில் வைப்பது இதைவிட மோசம். கார்டு மேல்நோக்கி இழுக்கும், கேபினட் ஃபேன் அதே காற்றைக் கீழ்நோக்கிப் பிடுங்கும். "சூடு தானாக மேலேறுமே" என்பது இதற்குக் காரணம் இல்லை. சூடு மேலேறும் விசை எந்த ஃபேனின் முன்னும் நிற்காது. இரண்டு ஃபேன்கள் எதிரெதிராக இழுப்பதுதான் சிக்கல்.

திசையில் சந்தேகமா? இறக்கையின் மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரியும் பக்கம்தான் பெரும்பாலும் காற்று வெளியேறும் பக்கம். சில ஃபேன்களின் சட்டத்தில் அம்புக்குறியும் இருக்கும். மாட்டி முடித்ததும் ஒரு டிஷ்யூ தாளை ஒவ்வொரு வாசலிலும் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

புராசஸர் கூலரைப் பட்டினி போடுவது

மதர்போர்டை நோக்கிக் காற்றை ஊதும் தாழ்வான கூலர் இருந்தால், அதன் காற்று பக்கத் தகட்டின் ஓட்டை வழியே வரவேண்டும். கூலர் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், வெளிக்காற்றோடு உள்ளே சுற்றும் சூடும் அந்த வழியாகக் கலந்துவிடும். அந்த இடைவெளியை ஃபோம் வளையத்தால் சுற்றி அடைத்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. ஃபோம் இறக்கையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு ஃபேன்களையும் முழு வேகத்தில் வெளியேற்ற விடுவது இன்னொரு தவறு. பவர் சப்ளை பக்கம் இருக்கும் மேல் ஃபேன், பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்று கூலரை அடையும் முன்பே அதைக் கவர்ந்துவிடலாம். பின்பக்க மேல் ஃபேனும் 92 மி.மீ. ஃபேனும் மட்டும் போட்டு முதலில் அளந்து பாருங்கள். மூன்றாவதைச் சேர்ப்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

கண்ணாடித் தகடு அழகுதான். ஆனால் கார்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் ஃபேன் முன்னால் கண்ணாடியை மாட்டினால் கார்டின் மூக்கைப் பொத்தியது போலத்தான். கண்ணாடித் தகடோடு வரும் என்.ஆர்.200பி வகையில் ஓட்டைத் தகடும் சேர்ந்தே வருகிறது. அதை மாட்டிக்கொள்ளுங்கள்.

வயரும் இணைப்பும்

மினி ஐ.டி.எக்ஸ். போர்டில் ஃபேன் சொருகும் இடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரே இணைப்பில் இரண்டு ஃபேன் சொருக ஒய் ஸ்பிளிட்டர் போடலாம். ஒரு இணைப்பு வழக்கமாக 1 ஆம்பியர் தாங்கும். சாதாரண 120 மி.மீ. ஃபேன் 0.1 முதல் 0.3 ஆம்பியர் வரை எடுக்கும். இரண்டு மூன்றுக்குப் பயமில்லை. ஸ்பிளிட்டரில் ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே போர்டுக்குத் தெரியும் என்பதை மறக்காதீர்கள். மற்றது நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது.

மூன்று பின் ஃபேனை மாட்டிவிட்டு, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) பி.டபிள்யூ.எம்., அதாவது நான்காவது பின் வழியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை, என்றே விட்டுவிட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் கத்தும். மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி. என்று மாற்றுங்கள்.

கேபினட் ஃபேன்களைப் புராசஸர் வெப்பநிலைக்கு மட்டும் கட்டிவைப்பது பலரும் கவனிக்காத பிழை. பிரவுசரைத் திறந்தாலே புராசஸர் ஒரு கணம் 20 டிகிரி எகிறும், ஃபேன்களும் கூடவே உறுமும். கேமில் உண்மையான சூடு கார்டிலிருந்து வரும்போதோ அவை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்கான ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் புராசஸர், கார்டு இரண்டில் எது அதிக வேகம் கேட்கிறதோ அதைப் பின்பற்றும்படி அமைக்கலாம். பயாஸில் வேகம் ஏறும் நேரத்தைச் சில நொடிகள் தாமதப்படுத்தினால் உறுமலும் அடங்கும்.

பவர் சப்ளையின் மிச்ச வயர்களை அடி ஃபேனுக்கு மேலே சுருட்டி வைக்காதீர்கள். ஒரு வயர் தொங்கினால் இறக்கை டிக் டிக் என்று அடிக்கும், காற்றும் மறைபடும்.

கேபினட் இருக்கும் இடம்

கம்ப்யூட்டர் மேசையில் "சி.பி.யூ." வைக்க என்று மூன்று பக்கமும் மூடிய ஒரு அறை இருக்குமே, அது இந்த வகைக் கேபினட்டுக்கு எதிரி. பின்னால் விட்ட சூடு அங்கேயே தேங்கி, பக்கத் தகடு வழியே திரும்ப உள்ளே வரும். கம்பளத்தின் மேல் வைத்தால் அடி வாசலே அடைபடும். கெட்டியான தளத்தில் வைத்து, பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். அடி வடிகட்டியில் தூசி படலமாகத் தெரிந்தால் உடனே கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

அளக்காமல் மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அரை மணி நேரம் அதே கேமை ஓட்டி, கடைசியில் நிலைபெறும் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்ட இரவில் 72 டிகிரி, மே மாத மதியம் 80 டிகிரி என்றால் கேபினட் எதுவும் மாறவில்லை, அறைதான் மாறியிருக்கிறது.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் காற்றோட்டத்தில் குறை இருக்கிறது, மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கினால் இன்னும் ஃபேன் வாங்கிப் பயனில்லை. கூலர் சரியாக உட்காரவில்லை, புராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது சிப் இழுக்கும் மின்சாரம் அந்தக் கூலருக்கு அதிகம். 105 வாட் என்று விற்கும் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் ரைசன் புராசஸர் உண்மையில் 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடில் 65 வாட் வகைக்கு மாற்றினால் அந்த எல்லை 88 வாட். மேலே போட்ட கணக்கின்படி குறையும் ஒவ்வொரு 50 வாட்டுக்கும் நொடிக்கு நான்கு லிட்டர் காற்று குறைவாக ஓடினால் போதும்.