கர்னல் நிரலில் பொய் எச்சரிக்கையை எப்படி இனங்காண்பது

இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலை ஓட்டிப் பார்க்காமல், நிரலைப் படித்தே பிழை தேடும் ஸ்பார்ஸ், ஸ்மாட்ச் போன்ற கருவிகள் பிழையே இல்லாத இடத்தில் பொய் எச்சரிக்கைகளையும் தருகின்றன. ஓர் எச்சரிக்கை பொய்யா மெய்யா என்று தெரியும் முன்பே அதை மறைக்க ஒரு வரியைச் சேர்ப்பதுதான் இங்கு மிகவும் தீங்கானது.

முதலில், ஸ்பார்ஸை ஓட்டும்போது மேக் (make) கட்டளையுடன் சி=1 (C=1) என்று கொடுத்தால் அப்போது கம்பைல் ஆகும் கோப்புகள் மட்டுமே சோதிக்கப்படும் என்பதையும், எல்லாக் கோப்புகளுக்கும் சி=2 வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, எச்சரிக்கை சுட்டும் பாதையில் நிரல் உண்மையிலேயே செல்ல முடியுமா என்று பாருங்கள். ஒரு நிபந்தனை மெய்யாக இருக்கும்போது மட்டும் மதிப்புப் பெறும் மாறி, அதே நிபந்தனைக்குள் மட்டுமே பின்னர் பயன்படுகிறது என்றால் பிழை இல்லை. இரு நிபந்தனைகளும் ஒன்றே என்பதைக் கருவி உணராதபோது, நடக்கவே முடியாத பாதைகளையும் அது கணக்கில் சேர்த்துவிடுகிறது. சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் விடை பெரும்பாலும் அந்தச் செயற்கூறுக்கு வெளியே இருக்கும். ஒரு சாதனத்தின் நீக்கச் செயற்கூறு, அதன் தொடக்கச் செயற்கூறு வெற்றி பெற்ற பின்னரே அழைக்கப்படுகிறது. ஆகவே தொடக்கத்தில் பதிந்து வைத்த பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) நீக்கத்தின்போது நல் (NULL, எதையும் சுட்டாத வெற்று) மதிப்பாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை, இடையில் வேறு எதுவும் அதை அழிக்காத வரையில், பொய்யே. இந்த உறுதியை யார் தருகிறார் என்று சுட்டிக்காட்ட முடியாதவரை எச்சரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது.

பாயிண்டரைப் பயன்படுத்திய பிறகு அது நல் மதிப்பா என்று சோதிக்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. அங்கே பாயிண்டர் சுட்டும் கட்டமைப்பிலுள்ள ஓர் உறுப்பின் முகவரி மட்டும், அதன் மதிப்பைப் படிக்காமலே, கணக்கிடப்படலாம், அல்லது சோதனையே தேவையற்றதாக இருந்து நீக்கத் தக்கதாகலாம். ஆனால் 2009-இல் டன் (TUN) என்னும் மெய்நிகர் வலைப்பின்னல் டிரைவரில் இதே வடிவம் மெய்யான பாதுகாப்புக் குறையாக இருந்தது: பாயிண்டர் முன்பே பயன்பட்டுவிட்டதால் அது நல் ஆகாது என்று முடிவு செய்த கம்பைலர், பின்னால் இருந்த சோதனையையே நீக்கிவிட்டது.

மதிப்புப் பெறாத மாறி பயன்படுகிறது என்ற எச்சரிக்கையை, மாறிக்கு அறிவிப்பிலேயே சுழியம் இட்டு அடக்காதீர்கள். பிறகு யாரேனும் ஒரு பாதையில் மதிப்புத் தர மறந்தால், அந்தப் பிழையும் சத்தமின்றி மறைந்துவிடும். இத்தகைய எச்சரிக்கைகளை அடக்குவதற்கென்றே கர்னலில் இருந்த மேக்ரோ 2020-இல் நீக்கப்பட்டது, என் கருத்தில் மிகச் சரியான முடிவு.

பிழை மெய்யானால், எந்தக் கருவி கண்டது, எந்தப் பாதையில் நிகழும், வன்பொருளில் சோதித்தீர்களா என்பவற்றைப் பேட்சின் (நிரல் திருத்தத்தின்) விளக்கத்தில் எழுதுங்கள். பொய்யானால், கர்னல் நிரலைத் தொடாமல், அந்த வடிவத்தைச் சிறு எடுத்துக்காட்டாகச் சுருக்கிக் கருவியை உருவாக்குவோருக்கு அனுப்புங்கள்.