காந்த விளையாட்டு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகித மீனின் வாயில் ஒரு பேப்பர் கிளிப், குச்சியில் நூல், நூலின் முனையில் காந்தம். பிள்ளைகளுக்குக் காந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பலர் இந்த மீன்பிடி விளையாட்டில்தான் தொடங்குகிறார்கள். கால் மணி நேரத்தில் செய்துவிடலாம், பிள்ளைகளும் சலிக்காமல் விளையாடுவார்கள். ஆனால் காந்தத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கம்பிக் கொக்கியைக் கட்டிப் பாருங்கள். விளையாட்டு அப்படியே நடக்கும். காந்தம் அங்கே பசை வேலைதான் பார்க்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஜெயிப்பதற்குக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்தாக வேண்டும் என்று விதி அமையாத விளையாட்டில், பிள்ளை கைத்திறனைக் கற்றுக்கொள்ளும், காந்தவியலை அல்ல. மீன்பிடி விளையாட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. நூலில் தொங்கும் காந்தம் தாராளமாகச் சுழலும். கீழே இருப்பதும் காந்தமாக இருந்தால், ஒத்த துருவங்கள் எதிர்ப்பட்டதுமே மேலிருப்பது புரண்டு, மறுமுகத்தைக் காட்டி ஒட்டிக்கொள்ளும். ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று தள்ளும் விலக்கம் பிள்ளையின் கண்ணில் படவே படாது. "காந்தம்னா ஒட்டும்" என்ற பாதி உண்மையோடு எழுந்து போகும்.

இதையே துப்பறியும் விளையாட்டாக மாற்றலாம். ஒரே அளவில் ஒன்பது சிறிய அட்டைப் பெட்டிகள். மூன்றில் இரும்பு வாஷர், மூன்றில் செப்புக் கம்பிச் சுருள், மூன்றில் வளையக் காந்தம். உள்ளே இருப்பது ஆடாதபடி காகிதத்தைத் திணித்து, மூடியை ஒட்டி, பெட்டிகளை 15 செ.மீ. இடைவெளியில் பெரிய அட்டையில் ஒட்டிவிடுங்கள். கையில் தூக்கி எடையை வைத்து ஊகிக்க வழியிருக்கக் கூடாது. தூண்டிலுக்குப் பதில் ஒரு மர ஸ்கேல், அதன் நுனியில் இறுகக் கட்டிய வளையக் காந்தம். உள்ளே என்ன என்று சரியாகச் சொன்னால் 2 புள்ளி, தவறினால் 1 புள்ளி போகும். ஸ்கேலை ஒரு பக்கம் மட்டும் காட்டிவிட்டு "இரும்பு" என்று சொல்லும் பிள்ளை கட்டாயம் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் எதிர்த்துருவம் மேலே இருக்கும் காந்தமும் இரும்பைப் போலவே இழுக்கும். ஸ்கேலைப் புரட்டி மறுமுகத்தையும் காட்டினால்தான் குட்டு உடையும்: இரும்பு இரு முகத்தையும் இழுக்கும், காந்தம் ஒரு முகத்தைத் தள்ளும், செம்பு எதற்கும் அசையாது. ஈர்ப்பு மட்டும் காந்தம் என்று நிரூபிக்காது, விலக்கமே காந்தத்துக்கு உறுதியான சோதனை என்று பாடப்புத்தகம் சொல்வதை இரண்டு ஆட்டத்தில் பிள்ளையே சொல்லிவிடும்.

எந்தக் காந்தம்?

பளபளவென்று இருக்கும், மிகப் பலமான காந்த வகையான நியோடிமியத்தின் சின்ன உருண்டைகளையும் வட்டுகளையும் வாங்குவது அடுத்த தவறு. இதில் சமரசமே வேண்டாம். ஒரு குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால், அல்லது ஒரு காந்தத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே அவை ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் சிக்கும் குடல் சுவருக்கு இரத்த ஓட்டம் நின்று ஓட்டை விழும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வலி வருகிறதா என்று காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் வாயில் போடும் வயதில் வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவரின் மார்புப் பக்கமும் காந்தங்கள் போகக் கூடாது.

பொம்மைகளின் தர விதிகளில் 'விழுங்கக்கூடிய சிறு பொருள்' எது என்று பார்க்க 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள, கருஞ்சாம்பல் நிற ஃபெரைட் (பீங்கான் வகைக் காந்தம்) வளையங்களை எடுங்கள். பலம் குறைவுதான், ஆனால் இந்த விளையாட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். ஒரே குறை, கீழே போட்டால் பீங்கான் போல உடையும். விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். உடைந்த துண்டைக் கையோடு அப்புறப்படுத்துங்கள். அதுவும் சிறு காந்தம்தான்.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் வளையும் காந்தப் பட்டைகளை வைத்துத் துருவம் சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம். அவற்றில் வடக்கும் தெற்கும் மெல்லிய கோடுகளாக மாறி மாறி இருக்கும். இரண்டு பட்டைகளை முதுகோடு முதுகாக வைத்து இழுத்தால் கடகடவென்று தடுக்கித் தடுக்கிப் போவது அதனால்தான்.

துருவத்தைக் குறிக்காமல் ஒட்டுவது

சட்டக்காந்தத்தின் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள், வளையத்தின் துருவங்களை விளிம்பில் தேடுவார்கள். கடையில் கிடைக்கும் வளையங்களில் பொதுவாக இரு தட்டையான முகங்களே துருவங்கள். பூசியிருக்கும் நிறத்தை நம்ப வேண்டாம், எல்லோரும் ஒரே முறையில் பூசுவதில்லை. ஐந்து வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டவிட்டால் அது ஒரு குட்டிச் சட்டக்காந்தம். அதை இரும்பு மேஜை, அலமாரியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நூலில் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் வடக்கு நோக்கி நிற்கும் முகம் வட துருவம். அந்த முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, மற்ற எல்லா வளையங்களிலும் அதே பக்க முகத்தில் புள்ளி வையுங்கள்.

திசைகாட்டி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அதில் இரண்டு பொறிகள். முள்ளின் வடமுனை எந்த முகத்தை நோக்கி ஓடுகிறதோ அது தென் துருவம். பெரியவர்களே இதைத் தலைகீழாகச் சொல்வதுண்டு. பலமான காந்தத்தை முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முள்ளின் துருவமே மாறிவிடக்கூடும். 30 செ.மீ. தள்ளி ஆரம்பித்து, முள் அசைந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டும்போதும் அவசரம் ஆகாது. பசை காய்வதற்குள் பக்கத்துக் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தூரத்தில் தாவுகிறது என்று மேஜையில் நகர்த்திப் பார்த்து, அதன் இரு மடங்கு இடைவெளி விடுங்கள். ஹாட் க்ளூ ஃபெரைட்டைப் பாதிக்காது. சாதாரண ரக நியோடிமியமோ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும்.

பலகையின் கனம்

அட்டைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தி மேலே பேப்பர் கிளிப்பை ஓட்டும் புதிர்வழி விளையாட்டு படுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பலகையின் கனம், அதாவது தடிமன். தூரம் கொஞ்சம் கூடினாலே காந்த விசை வெகுவாகக் குறையும். தங்கள் அளவைவிட அதிகமாக விலகியிருக்கும் இரண்டு காந்தங்களுக்கு இடையே தூரம் இரட்டித்தால் விசை ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகிவிடும். 6 மி.மீ. பிளைவுட் பார்வைக்கு அழகு, கிளிப் பாதி வழியில் நின்றுவிடும். அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கிளிப் காந்தத்தை விட்டு நழுவும் கனத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பலகைக்கு அதில் பாதி கனம் போதும். இந்த அளவெடுப்பே தனி ஆட்டமாகிவிடும், பல நேரம் புதிர்வழியைவிட இதுதான் பிடித்துப்போகிறது.

காந்த விசை எதையும் ஊடுருவும் என்று நினைத்து இரும்புத் தட்டைப் பலகையாக வைத்தாலும் வேலைக்காகாது. காந்தப்புலம் தட்டுக்குள்ளேயே அடங்கி ஓடிவிடும், மேலே உள்ள கிளிப்புக்கு மிஞ்சுவது சொற்பம்.

பொருள்களை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். எவர்சில்வரில் 304 ரகம் காந்தத்தில் அநேகமாக ஒட்டாது, 430 ரகம் ஒட்டும். மஞ்சளாக மின்னும் ஊக்கு, பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம். "உலோகம் எல்லாம் ஒட்டும்" என்ற எண்ணத்தை உடைக்க நினைத்து வைத்த பொருளே உங்களைக் காலை வாரிவிடும்.

விலக்கத்தை வைத்து ஆட்டம் அமைப்பது

காந்தத்தால் பின்னாலிருந்து தள்ளி ஓட்டும் பொம்மைக் கார் பந்தயம், நட்ட குச்சியில் ஒத்த துருவங்கள் எதிரெதிராக வளையங்களைக் கோத்து மிதக்கவிடும் மிதக்கும் வளையம் இரண்டிலும் வரும் தவறு ஒன்றே: பக்கவாட்டில் தாங்கல் கொடுக்காதது. நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது. இதை 1842-இல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். பின்னாலிருந்து காந்தத்தால் தள்ளினால் கார் நேராகப் போகாது, பக்கவாட்டில் விலகி, சுழன்று, ஒட்டிக்கொள்ளும். காரின் அகலத்தைவிட 5 மி.மீ. கூடுதலாக விட்டு இருபுறமும் 2 செ.மீ. உயர அட்டைச் சுவர் எழுப்புங்கள். மிதக்கும் வளையத்தில், துளை 18 மி.மீ. இருக்க நடுவில் 7 மி.மீ. பென்சிலை நட்டால் வளையம் சாய்ந்து, உரசி, மாட்டிக்கொண்டு நிற்கும். அது மிதப்பல்ல. காகிதத்தைச் சுருட்டி 16 மி.மீ. குழாயாக்கி நடுங்கள். மேலும் மேலும் வளையம் போடும்போது அடியில் உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே வருவதை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மின்காந்தக் கிரேன்

எனாமல் பூசிய செப்புக் கம்பி 5 மீட்டர், 0.3 மி.மீ. தடிமன், ஓர் இரும்பு போல்ட், 1.5 வோல்ட் ஏஏ பேட்டரி ஒன்று. கம்பியைப் போல்ட்டில் சுற்றி முனைகளைப் பேட்டரியில் இணைத்தால் போல்ட் காந்தமாகிப் பேப்பர் கிளிப்புகளைத் தூக்கும், இணைப்பை விட்டால் கீழே போடும். வேலை செய்யவில்லை என்றால் முதலில் கம்பியின் முனைகளைப் பாருங்கள். எனாமல் மின்சாரத்தை விடாது. இரு முனைகளிலும் 2 செ.மீ. நீளத்துக்கு உப்புத்தாளால் பளிச்சென்று செம்பு தெரியத் தேய்க்க வேண்டும்.

அடுத்தது சுற்றும் திசை. முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது அடுக்கு திரும்பி வரலாம், ஆனால் கம்பி போல்ட்டைச் சுற்றும் போக்கு கடைசிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். கடிகார முள் போக்கில் 100 சுற்று, எதிர்ப்போக்கில் 100 சுற்று என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பி சூடாகும், கிளிப் ஒன்றுகூட எழும்பாது.

20 சுற்றோடு நிறுத்துவதும் ஆபத்து. கம்பி நீளம் குறைந்தால் மின்தடையும் குறையும், பேட்டரி கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும். 5 மீட்டர் கம்பிக்கே ஓர் ஆம்பியர் அளவில் ஓடும் என்பதால் அழுத்தினால் மட்டும் இணையும் சுவிட்ச் வைத்து, ஒரு தூக்கலுக்கு 5 நொடிக்கு மேல் வேண்டாம். லித்தியம் பேட்டரி கூடவே கூடாது. சுவிட்சை விட்டும் கிளிப் விழவில்லை என்றால், போல்ட் கடின எஃகாக இருக்கும். அதில் காந்தம் தங்கிவிடும். நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் அந்தச் சிறு இடைவெளியே கிளிப்பை விழவைக்கும். ஏன் விழவில்லை என்பதை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். போல்ட்டை மாற்றிப் பார், சுற்றைக் குறைத்துப் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று விட்டுவிடுங்கள்.

ஆட்டத்துக்குக் காந்தங்களை எண்ணி எடுங்கள், முடிந்ததும் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் கத்தரிக்கோல், மேஜைக் கால், நாற்காலிக் கம்பி என்று முதலில் இரும்புகளில் தேடுங்கள். கிடைக்கும்வரை சின்னக் குழந்தையைத் தரையில் இறக்கிவிட வேண்டாம்.