தீசிஸ் ட்ரையல் (வயல் சோதனை) போடுறதுக்கு முன்னாடி லைப்ரரியில தேடுறது எப்படி? (ஹார்ட்டி, அதாவது தோட்டக்கலை, அக்ரி பசங்களுக்கு)

எம்எஸ்சி ஹார்ட்டி, அக்ரி சேர்ற பசங்கள்ல நிறைய பேருக்கு லிட்டரேச்சர் தேடுறதுனா கூகுள்ல ரெண்டு வார்த்தைய தட்டிட்டு முதல் பக்கத்துல வர்ற பிடிஎஃப்பை இறக்கிக்கறதுதான். ஆனா நம்ம வேலைக்கு ரொம்ப தேவையான விஷயம் பெரும்பாலும் அங்க வராது. கோயம்புத்தூர்லயோ பெரியகுளத்துலயோ உங்க பயிர்லயே, கிட்டத்தட்ட உங்க மாதிரி மண்ணுலயே யாராவது ஏற்கெனவே ட்ரையல் போட்டு எழுதி வச்சிருப்பாங்க, அது தீசிஸா பைண்ட் ஆகி அலமாரியில நிக்கும். அத பாக்காம வயல்ல இறங்கி, செஞ்சதையே திரும்ப செஞ்சீங்கன்னா ஒரு சீசன் வீணாப் போகும், ரெண்டு வருஷ கோர்ஸ்ல ஒரு சீசன்கறது சின்ன விஷயம் இல்ல.

முதல்ல பேருங்கள சேருங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல உங்க பயிருக்கும் பூச்சிக்கும் நோய்க்கும் இருக்கற எல்லா பேரையும் எழுதிக்கோங்க. தக்காளி ஊசிப்புழுவையே எடுத்துக்கலாம். இன்னிக்கு நாம டூட்டா அப்சல்யூட்டான்னு சொல்றோம், ஆனா 2021ல அத ஃப்தோரிமேயா அப்சல்யூட்டான்னு மாத்திட்டாங்க (1917ல முதல்ல வச்ச பேரே அதுதான்), நடுவுல ஸ்க்ரோபிபால்புலா, ஸ்க்ரோபிபால்புலாய்டஸ்னு வேற இருந்துச்சு. தென் அமெரிக்கால செஞ்ச பழைய வேலையெல்லாம் அந்த நடு பேர்லதான் கெடக்கு, டூட்டான்னு மட்டும் தட்டினா அதுல பாதி கண்ணுலயே படாது. பயிரும் அப்படித்தான், இப்ப சோலானம் லைக்கோபெர்சிகம், பழைய பேப்பர்லயெல்லாம் லைக்கோபெர்சிகான் எஸ்குலென்டம்.

இங்கிலீஷ் பொதுப்பேர்ல இன்னும் கவனமா இருக்கணும். லீஃப் மைனர்னு தேடினா லிரியோமைசா ஈ பத்தின பேப்பர் கும்பலா வந்து விழும், அது ஈ, நம்ம ஊசிப்புழு அந்துப்பூச்சி, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. டொமேட்டோ பின்வோர்ம்னு போட்டா அமெரிக்கால இருக்கற கெய்ஃபெரியாங்கற வேற பூச்சியும் கலந்துரும். ஊசிப்புழு இந்தியாவுக்குள்ள வந்ததா பதிவானது 2014லதான், அதனால அதுக்கு முந்தின நம்மூர் தீசிஸ்ல பின்வோர்ம்னு இருந்தா அது எந்த பூச்சின்னு விலங்கியல் பேர பாத்துட்டுதான் எடுக்கணும்.

பேர் லிஸ்ட் கைக்கு வந்தப்புறம் தேடுறது ஈஸி. ஒரே பொருளோட வேற வேற பேருங்களுக்கு நடுவுல ஆர் (OR) போட்டு ப்ராக்கெட்ல அடைங்க, பயிர் ஒரு ப்ராக்கெட், பூச்சி ஒரு ப்ராக்கெட், உங்க கேள்வி (இனக்கவர்ச்சி பொறியோ, ஒட்டுண்ணியோ) ஒரு ப்ராக்கெட், ப்ராக்கெட்டுகளுக்கு நடுவுல ஆண்ட் (AND). ரெண்டு வார்த்தை பேர கொட்டேஷன் மார்க்குக்குள்ள வைங்க. ரொம்ப கம்மியா வந்துச்சுன்னா கேள்வி ப்ராக்கெட்ட எடுத்துட்டு பாருங்க, பேருங்கள கொறைக்காதீங்க.

எங்க தேடறதுனா, லைப்ரரில கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் (CAB Abstracts) இருந்தா அங்கதான் ஆரம்பிக்கணும், 1973ல இருந்து உலகம் பூரா வந்த வேளாண் ஆராய்ச்சிய சுருக்கத்தோட தொகுத்து வச்சிருக்கு, வேளாண்மைக்குன்னே உள்ள சொல் தொகுப்ப வச்சு ஒவ்வொரு பேப்பருக்கும் குறிச்சொல் போட்டிருக்கறதால குப்பை கம்மி. அது இல்லனா எஃப்ஏஓவோட (ஐநா உணவு வேளாண்மை அமைப்பு) அக்ரிஸ், அமெரிக்க தேசிய வேளாண் நூலகத்தோட அக்ரிகோலா, ரெண்டும் யார் வேணாலும் இலவசமா பாக்கலாம். தோட்டக்கலைக்கு ஆக்டா ஹார்ட்டிகல்ச்சுரேயையும் விட்டுறாதீங்க, உலக மாநாடுகள்ல படிச்ச கட்டுரையெல்லாம் அதுலதான் வருது.

முழு பேப்பர் வேணும்னா செரா இருக்கு. 2007ல ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சி கழகம்) ஆரம்பிச்ச கூட்டு சந்தா அது, வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் ஐசிஏஆர் நிலையங்களுக்கும் சேத்து ஜர்னல் வாங்கறது. இப்ப 2025ல இருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டமும் வந்துருச்சு, 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், அரசு கல்லூரின்னா உங்களுக்கும் உண்டு. கேம்பஸ்க்குள்ள தானா திறக்கும், ஹாஸ்டலுக்கு வெளியில இருந்தோ ஊர்ல இருந்தோ பாக்கணும்னா தனி லாகின் வேணும், சேர்ந்த முதல் வாரமே லைப்ரரில கேட்டு வாங்கிருங்க. அப்படியும் ஒரு பேப்பர் கிடைக்கலையா, டாக்குமென்ட் டெலிவரி ரிக்வெஸ்ட் போடுங்க. நாட்டுல வேற எந்த வேளாண் லைப்ரரில அந்த ஜர்னல் இருக்கோ அவங்க ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க. இவ்ளோ நல்ல வசதி, ஆனா இப்படி ஒண்ணு இருக்கறதே நிறைய பேருக்கு தெரியாது.

இப்ப தீசிஸ். கிருஷிகோஷ்னு ஒரு களஞ்சியம் இருக்கு, வேளாண் பல்கலைக்கழகங்களோட தீசிஸ் லட்சக்கணக்கான பக்கம் அதுல ஸ்கேன் ஆகி கெடக்கு. தாவரவியல், விலங்கியல் துறையில செஞ்ச பிஎச்டி வேணும்னா ஷோத்கங்காங்கற இன்னொரு தீசிஸ் களஞ்சியம். தீசிஸ் எடுத்த உடனே முடிவுரைக்கு ஓடாதீங்க. மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்ல எந்த ரகம், எந்த மாசம் நட்டாங்க, எத்தன ரெப்ளிகேஷன் (ஒரே ட்ரீட்மென்ட்ட எத்தன தடவ போட்டாங்க), ப்ளாட் சைஸ் என்னன்னு பாருங்க, அடுத்து டேபிளுக்கு அடியில இருக்கற சிடி (க்ரிட்டிக்கல் டிஃபரன்ஸ்) வேல்யூவ பாருங்க. ரெண்டு ட்ரீட்மென்ட்டுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் அந்த சிடிய விட கம்மின்னா, புள்ளிவிவரப்படி ரெண்டுத்தையும் வேற வேறன்னு சொல்ல முடியாது, எழுத்துல எப்படி எழுதியிருந்தாலும் சரி. கடைசியில அனெக்சர்ல (பின்னிணைப்புல) வாராந்திர மழை, வெப்பநிலை இருந்தா அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பூக்கற நேரத்துல அடமழை பிடிச்சிருந்தா காய் கம்மியானதுக்கு காரணம் ட்ரீட்மென்ட்டா மழையான்னு அங்கதான் தெரியும். ஜர்னல் பேப்பர்ல இடம் இல்லாததால இதையெல்லாம் வெட்டிருவாங்க, தீசிஸ்ல அப்படியே இருக்கும், அதுக்காகவே நான் தீசிஸ் தீசிஸ்னு இவ்ளோ சொல்றேன்.

நேர்ல போறப்ப அலமாரி நம்பர் தெரிஞ்சு போனா நேரம் மிச்சம். டியூயி நம்பர் முறையில அடுக்கின லைப்ரரின்னா 631 மண்ணு உரம் சாகுபடி முறை, 632 பூச்சி நோய், 633 வயல் பயிர், 634 பழம், 635 காய்கறி பூ. பைண்ட் பண்ணின பழைய ஜர்னல் தனி பகுதியில இருக்கும், அங்க மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல எடுத்து பாருங்க, நூறு வருஷத்துக்கு மேலா நம்ம பயிர்கள பத்தி வர்ற ஜர்னல். அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சி திட்டத்தோட (காய்கறிக்கு தனி, பழத்துக்கு தனி) வருடாந்திர அறிக்கையும் கேளுங்க, எந்த ரகம் எந்த சென்டர்ல எப்படி விளைஞ்சதுன்னு டேபிள் டேபிளா இருக்கும்.

ஜர்னல் நம்பகமானதான்னு சந்தேகம் வந்தா என்ஏஏஎஸ் (தேசிய வேளாண் அறிவியல் அகாடமி) ரேட்டிங் லிஸ்ட்ல பாருங்க, ரேட்டிங் இருக்கறதாலயே எல்லாம் சரின்னு இல்ல, ஆனா காசு வாங்கிட்டு எதையும் போடற ஜர்னல்கள ஓரளவு ஒதுக்கிடலாம். இறக்கின ஒவ்வொண்ணையும் அன்னிக்கே சோட்டெரோவுல (ரெஃபரன்ஸ் சேத்து வைக்கற சாஃப்ட்வேர்) ஏத்திருங்க, "பிறகு பாத்துக்கலாம்"னு டவுன்லோட் ஃபோல்டர்ல விட்டா ரெஃபரன்ஸ் எழுதறப்ப எது எங்க இருந்து வந்ததுன்னே தெரியாது.

ஸ்டூடன்ட் இல்லாத விவசாயிங்க, நர்சரி வச்சிருக்கறவங்களும் கிருஷிகோஷ், அக்ரிஸ், தமிழ்ல இருக்கற டிஎன்ஏயூ (தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம்) அக்ரிடெக் போர்ட்டல் இதெல்லாம் வீட்டுல இருந்தே பாக்கலாம். லைப்ரரிக்குள்ள உக்காந்து பாக்கணும்னா முன்கூட்டியே போன் பண்ணி வெளியாளுங்கள எப்ப விடுவாங்க, என்ன ஐடி கொண்டு வரணும்னு கேட்டுக்கோங்க, இன்ன பயிர்ல இன்ன பிரச்சனைன்னு தெளிவா எழுதி எடுத்துட்டு போனீங்கன்னா நூலகரும் நேரா அந்த அலமாரிக்கே கூட்டிட்டு போக முடியும்.