பலகை பாம்பாக வந்தது: பழைய பேண்ட் சா மில்லைச் சீர்செய்த விதம்

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தோட்டத்தில் இரண்டு வேம்பும் ஒரு வாகையும் சாய்ந்தன. விறகுக்குக் கேட்டவர்கள் சொன்ன விலை வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அந்த எரிச்சலில்தான், செங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையின் பின்புறம் மழையில் நனைந்துகொண்டிருந்த, வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் சிறிய பேண்ட் சா மில்லை வாங்கினேன். வளையமான ரம்பப் பட்டை இரண்டு சக்கரங்களின் மேல் படுத்தபடி ஓடி, கட்டையைப் பலகையாக அறுக்கும் இயந்திரம் அது. விற்ற அண்ணாச்சி, "கிரீஸ் வைத்தால் ஓடும் தம்பி" என்றார். ஓடத்தான் செய்தது. பலகைதான் பாம்பு போல வந்தது.

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. 1996 டிசம்பரில், காடுகளைப் பாதுகாப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, மர அறுவை மில் என்றாலே வனத்துறையின் கண் அதன்மேல் இருக்கிறது. சொந்த உபயோகம்தானே என்று இருந்துவிடாமல், உங்கள் வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். எந்த மரத்தை அறுக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

எஞ்சினைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பம்புசெட் பார்க்கும் மெக்கானிக் இல்லாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது.

1. துருவும் பேரிங்கும்

இறுகிப்போன போல்ட்டுகளுக்கு டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து தடவி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். "இது நன்றாகத்தானே சுற்றுகிறது" என்ற கஞ்சத்தனம் வேண்டாம். என் மில்லில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகடு மூடி போட்டது சற்று மலிவு, ஆனால் மரத்தூள் மாவு போல உள்ளே போய்விடும்.

2. சக்கரத்தின் மேல் பெல்ட்

என் மில்லில் 19 அங்குலச் சக்கரங்கள் இரண்டு. அவற்றின் பள்ளத்தில் வி பெல்ட் உட்கார்ந்திருக்கிறது. பிளேடு அதன் முதுகில் ஓட வேண்டும். பெல்ட் தேய்ந்து பிளேடு இரும்பைத் தொட்டால் சக்கரமும் போயிற்று, பிளேடும் போயிற்று. இரண்டு பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

3. படுகை மட்டம்

கட்டை படுக்கும் இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தால் மற்ற எந்த அளவும் பொய்தான். ரசமட்டத்தை நம்பி ஒரு நாளை வீணாக்கினேன். இருபது அடி நீளத்துக்கு அது போதாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்துக்கு நிகர் எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர், நடுவில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். கால்களுக்கு அடியில் கான்கிரீட் கட்டை வைத்து, தகடு செருகி உயரம் சரிசெய்யுங்கள்.

4. வழிகாட்டி உருளைகள் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

பிளேடு கட்டைக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஆளுக்கொரு உருளை இருக்கும். அது பிளேடைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது, சுமார் 6 மில்லிமீட்டர் கீழே அழுத்த வேண்டும். உருளையின் பின்விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். இது ஒரு மணி நேர வேலை.

என் மூன்று வாரத்தைத் தின்றது சாய்வு. பிளேடு படுகைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். பல் பக்கம் துளி கீழே சாய்ந்தாலும் அறுக்க அறுக்கக் கட்டைக்குள் இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அதுதான் நடந்தது: தொடக்கத்தில் ஓர் அங்குலப் பலகை, நடுவில் ஒன்றே கால். பிளேடு மழுங்கல் என்று நினைத்துப் புதிது போட்டேன். எஞ்சினுக்கு வலு இல்லை என்று நினைத்து அதையும் பிரித்தேன். உருளையின் சாய்வை அளந்து பார்க்காமலும் இல்லை. ஓர் அடி இரும்பு ஸ்கேலைப் பிளேடின் குறுக்கே, பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் ஒட்டவைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் படுகை வரை அளந்தேன். பல் பக்கத்து முனை 5 மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தது. ஆகவே பல் பக்கத்தைக் கீழே இறக்கினேன். பலகை முன்னைவிட மோசமானது.

அம்பாசமுத்திரத்தில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் பெரியவர் ஒருவர் ஸ்கேலைப் பார்த்த உடனே கேட்டார்: "பல்லின் மேலா வைத்தாய்?" ரம்பப் பற்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வளைத்திருப்பார்கள், அரை மில்லிமீட்டர் இருக்கும். பேண்ட் சா படுத்து ஓடுவதால் அந்த வளைவு மேலும் கீழுமாக நிற்கிறது. மேல்நோக்கி வளைந்த ஒரு பல்லின் மீது என் ஸ்கேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிளேடின் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் அரை மில்லிமீட்டர் என்றால், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலில் ஐந்து மில்லிமீட்டர். கணக்கு அச்சாக ஒத்துப்போனது. இல்லாத சாய்வை நான்தான் திருத்தித் திருத்தி உண்டாக்கியிருக்கிறேன்.

ஸ்கேல் இரண்டு பற்களுக்கு நடுவே, பிளேடின் தட்டையான உடம்பில் மட்டும் படிய வேண்டும். அகல ஸ்கேல் இடைவெளியில் நுழையாது. அதனால் லேத் பட்டறையில் அரை அங்குல அகலத்துக்கு ஒரு அலுமினியப் பட்டை வெட்டி வாங்கிக்கொண்டேன். இரு முனை அளவுக்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குள் வரும்வரை உருளையின் திருகைச் சரிசெய்யுங்கள். இரண்டு உருளைக்கும் தனித்தனியாக. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

5. பிளேடு

சுருட்டிய பிளேடை அவிழ்க்கும்போது தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பதின்மூன்று அடிப் பட்டை ஒரே துள்ளலில் விரியும். பூட்டியபின் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பற்கள் சக்கர விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள்.

பிசினுக்காக டீசலைச் சொட்டவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை: ரப்பர் பெல்ட் ஊதிவிடும், பலகையும் நாறும். ஒரு கேன் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் சிறிது கலந்தால் வேம்புக்குப் போதும்.

6. முதல் கட்டை

ஆணி தேடுங்கள். நம் ஊர் மரங்களில் மாடு கட்ட அடித்தது, தட்டி மாட்ட அடித்தது, பேய்க்கு அடித்தது என்று மூன்று வகை ஆணி உண்டு. புளியமரத்தில் மூன்றாவது வகை ஆழமாக இருக்கும். வேலிக்கு நின்ற பூவரசில் முள்கம்பியையே மரம் விழுங்கியிருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். வேப்பந்தூள் மூக்கில் ஏறினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

7. அடுக்குதல்

பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர்களை இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். முனைகளில் பழைய பெயின்ட் பூசுங்கள். ஆனி, ஆடிக் காற்று படும் திசையைச் சாக்குப் படுதாவால் மறைக்க வேண்டும். கணவாய் வழியே வரும் அந்தக் காற்று சுகமானதுதான், ஆனால் பச்சைப் பலகையை வாரத்துக்குள் வெடிக்க வைத்துவிடும். என் வாகையில் நான்கு பலகைகள் அப்படித்தான் போயின.

பின்னால் சேர்த்தது: சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர், எல்லாம் செய்தும் ஐப்பசி மழைக்குப் பின் பலகை மறுபடி கோணுகிறது என்று எழுதியிருந்தார். அவர் மண் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே வைத்த கான்கிரீட் கட்டை அதோடு ஏறி இறங்கும். என் தோட்டம் செம்மண் என்பதால் இது எனக்குத் தோன்றவே இல்லை. கரிசலில் இருப்பவர்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள், உருளையைத் தொடாதீர்கள்.