ஏபிஎஸ் ரிலேயை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கார் மட்டும் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ வந்து சாவியைத் திருப்பினால் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையாது. அழுத்தி பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ். உடனே யாராவது "ரிலே போயிருச்சு" என்பார்கள். ரிலே என்பது ஏபிஎஸ் பம்புக்குக் கரண்ட் விடும் சின்ன ஸ்விட்ச். காரைக்குடியில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். அப்படி வந்த வண்டிகளில் ரிலே நிஜமாகவே கெட்டிருந்தது குறைவு.

போன தை மாதம் வந்த ஒரு காரில் புது ரிலே ஏற்கெனவே மாட்டியிருந்தது. விளக்கு அணையவில்லை. பேட்டரி 11.4 வோல்ட்டில் இருந்தது. சார்ஜ் ஏற்றியும் மாற்றமில்லை. வண்டியின் பழுதைப் படிக்கும் ஸ்கேனர், பின் இடது சக்கர சென்சாரைக் காட்டியது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் சென்சார் ஒயரை எலி கடித்து, செம்புக் கம்பி நூல் நூலாகத் தொங்கியது.

"அப்ப ரிலே வாங்குன காசு போச்சா தம்பி?" என்றார் அந்த வண்டி வீட்டு ஆச்சி.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. முதலில் பேட்டரி, ஃபியூஸ், பிறகு ஸ்கேனர், கடைசியில்தான் ரிலே. இதில் இன்னொரு சிக்கல்: விலை குறைந்த ஸ்கேனர்கள் பல இன்ஜின் பழுதுக் கோடுகளை (code) மட்டும் படிக்கும். 'சி' எழுத்தில் தொடங்கும் பிரேக் கோடுகள் அவற்றில் வராது. "கோடு எதுவும் இல்லை" என்று நம்பி ரிலே வாங்கப் போய்விடுகிறார்கள்.

அடுத்த தவறு, 'டிக்' சத்தத்தை நம்புவது. சத்தம் வந்தால் ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஏபிஎஸ் பம்ப் நிறைய கரண்ட் இழுக்கும். அதனால் ரிலேக்குள் கரண்ட்டைக் கடத்தும் காண்டாக்ட் கருகி, சத்தம் வந்தும் கரண்ட் சரியாகப் போகாமல் இருக்கலாம். சாதாரண நாலு கால் ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட கால்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் காட்டும். அந்தக் கால்களுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 30, 87 நடுவே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம் வர வேண்டும். உள்ளே டயோடு உள்ள ரிலேயில் பிளஸ், மைனஸ் மாறினால் டயோடு போய்விடும்.

ஒரே அளவில் இருக்கிறதே என்று ஹாரன் ரிலேயைப் பிடுங்கி மாட்டாதீர்கள். கால் அமைப்பும் ஆம்பியரும் வேறாக இருக்கலாம். பழைய ரிலேயின் பார்ட் நம்பரைப் பார்த்தே வாங்குங்கள். 30-யும் 87-யும் ஒயர் போட்டு இணைத்துப் பார்ப்பது இன்னும் மோசம்: பம்ப் நிற்காமல் ஓடும், ஒயர் உருகவும் கூடும்.

ஏப்ரல் 2019-க்குப் பிறகு நம் நாட்டில் புது கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகள் பலவற்றில் தனி ரிலேயே இல்லை, ஏபிஎஸ்ஸை இயக்கும் மாட்யூல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஃபியூஸ் பாக்ஸில் தேடி வேறு எதையாவது கழற்றிவிட வேண்டாம்.

கழற்றும்போது இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். சாக்கெட்டில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்க்காமல் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் மழை ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். சிவப்பும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மாட்டி முடித்ததும் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் உருண்ட பிறகே அணையும். காலையில் தெரு காலியாக இருக்கும்போது மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.