நவி மும்பைக்கு வேலைக்கு வர்றீங்களா? ஹெவி டெபாசிட் வீடு பாக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நம்ம பசங்க கேக்குற முதல் கேள்வி "அண்ணே, நவி மும்பைல வாடகை எவ்ளோ ஆகும்?" எந்த நவி மும்பைன்னு திருப்பி கேட்டா அந்தப் பக்கம் சத்தமே வராது. ஏதோ அண்ணா நகர், கேகே நகர்னு ஒரு ஏரியான்னு நெனச்சுட்டு டிக்கெட் போட்டுடுறாங்க. இது ரெண்டு மாவட்டம், ரெண்டு கார்ப்பரேஷன், ஒரு துறைமுகம், இப்ப புதுசா ஒரு ஏர்போர்ட், இதுக்கெல்லாம் நடுவுல 95 கிராமம். கடைசியா சொன்னேன் பாருங்க, அந்த கிராமம் மேட்டர் தெரியாம தான் என் வீட்டுக்காரியோட சித்தி பையன் ஹெவி டெபாசிட்டா (நம்ம ஊர் லீஸ் மாதிரி) குடுத்த 4 லட்சத்த விட்டுட்டு நிக்கிறான், அதுக்காகத் தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஊர் எப்படி இருக்குன்னு சொல்லிடுறேன். மும்பைல கூட்டம் தாங்கலன்னு கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு புது நகரம் கட்ட 1970-ல சிட்கோன்னு ஒரு அரசு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1973-ல வாஷி பாலம், 1992-ல வாஷிக்கு லோக்கல் ட்ரெய்ன், அதே வருஷம் கார்ப்பரேஷன். ஐரோலி, கன்சோலி, கோபர்கைரானே, வாஷி, சான்பாடா, நேருல், பேலாபூர் இதெல்லாம் நவி மும்பை கார்ப்பரேஷன், தாணே மாவட்டம், வண்டி நம்பர் எம்எச் 43. கார்கர், காமோட்டே, களம்போலி, நியூ பன்வேல் பக்கம் போனா ராய்கட் மாவட்டம், 2016-ல வந்த பன்வேல் கார்ப்பரேஷன், எம்எச் 46. புரோக்கர் ரெண்டையும் நவி மும்பைன்னு தான் சொல்லுவான். தண்ணி விஷயத்துல வித்தியாசம் புரியும், நவி மும்பை கார்ப்பரேஷனுக்கு மோர்பே அணை சொந்தமா இருக்கு, அந்தப் பக்கம் ஏப்ரல் மே வந்தா டேங்கர் தான்.

2011 சென்சஸ்ல நவி மும்பை கார்ப்பரேஷன் எல்லைக்குள்ள மட்டும் 11 லட்சத்து 20 ஆயிரம் பேரு, அதுக்கு பத்து வருஷம் முன்னாடி 7 லட்சம் சொச்சம். 2021 கணக்கெடுப்பு தள்ளிப் போனதால எங்க போனாலும் இன்னும் இந்த நம்பர தான் காட்டுறாங்க, ஐரோலில காலைல ஆபீஸ் டைம்ல ஷேர் ஆட்டோ க்யூவ பாத்தா அந்த நம்பர் எவ்ளோ பழசுன்னு தெரியும். அந்த சென்சஸ்லயே ஆயிரம் ஆம்பளைக்கு பொம்பளைங்க 840-க்கும் கம்மி. ஏன்னா இங்க வர்றவன்ல நெறைய பேரு தனியா வர்றவன். வாஷி ஏபிஎம்சி மார்க்கெட்ல மூட்டை தூக்குற மாதாடிங்க, சாத்தாரா பக்கத்துலேருந்து வந்தவங்க நெறைய, குடும்பம் ஊர்ல. துர்பே, ராபாளே, மகாபே எம்ஐடிசி (அரசு தொழிற்பேட்டை) ஃபேக்டரிக்கு யூபி, பீகார்லேருந்து வர்ற பசங்க. அப்புறம் ஐரோலி, மகாபே ஐடி பார்க்குக்கு லேப்டாப் பையோட வர்ற நம்ம ஆளுங்க.

வேலை எங்கேருந்து வருதுன்னு பாத்தா 60-கள்லேருந்து இங்க கெமிக்கல் கம்பெனிங்க தான். தாணேலேருந்து பேலாபூர் வரைக்கும் ரோட்டோரமா வரிசையா இருந்துச்சு, அதுல நெறைய மூடி அந்த எடத்துல தான் இன்னைக்கு ஐடி பார்க்கும் டேட்டா சென்டரும் நிக்குது. 1989-ல நாவா ஷேவா துறைமுகம் வந்துச்சு, ஷிப்பிங், லாரி, குடோன் வேலையெல்லாம் அதால. மும்பைக்குள்ள இருந்த மொத்த வியாபார மார்க்கெட்ட கொண்டு வந்து வாஷில வச்சாங்க, வெங்காயம், பழம், காய்கறி, தானியம், மசாலா எல்லாத்துக்கும் தனித்தனி மார்க்கெட். (வீட்டுக்கு மிளகாய் வத்தல், மல்லி அரைக்கணும்னா மசாலா மார்க்கெட்டுக்கே போயிடுங்க, அந்தத் தெருவுல நுழைஞ்சாலே தும்மல் வரும், ஊர்ல அம்மா மொட்டமாடில மிளகாய் காய வச்ச நாள் ஞாபகம் வரும். சில்லறைக்கு தர மாட்டேம்பான், கொஞ்சம் நின்னு கேட்டா தருவான்.) 2024 ஜனவரில மும்பைக்கு கடல் மேல போற அடல் சேது பாலத்த 21.8 கிலோமீட்டருக்கு திறந்தாங்க, 2025 டிசம்பர்லேருந்து ஏர்போர்ட்ல ஃப்ளைட் ஓடுது. இப்படி ஒவ்வொண்ணு திறக்கும்போதும் செக்டர்ல (சிட்கோ பிளான் போட்டு பிரிச்ச ஏரியா) வாடகை ஏறும், ஏறினா சம்பளம் பத்தாத ஆளு கிராமத்துப் பக்கம் தள்ளப்படுவான்.

கிராமம்னா வயலும் மாடும்னு நெனைக்காதீங்க. ஆக்ரி, கோளி ஜனங்களோட ஊரு, அவங்க நெலத்த தான் சிட்கோவுக்காக எடுத்தாங்க. நஷ்டஈடு பத்தலன்னு 1984-ல ஜாசை பக்கம் போராடினப்ப போலீஸ் சுட்டு 5 பேர் செத்தாங்க, அந்தப் போராட்டத்த நடத்துன தி. பா. பாட்டீல் பேர தான் ஏர்போர்ட்டுக்கு வைக்கணும்னு 2021-ல அவ்ளோ கூட்டம் கூடுச்சு. எடுத்த நெலத்துல பன்னெண்டரை பர்சென்ட்ட டெவலப் பண்ண பிளாட்டா (மனையா) திருப்பிக் குடுக்குறோம்னு அப்புறம் ஒரு ஸ்கீம் வந்துச்சு, அது கைக்கு வர்றதுக்குள்ள பசங்க வளந்து கல்யாணம் ஆகி குடும்பம் பெருகிடுச்சு. வீட்ட ஒட்டி இருந்த எடத்துல நாலு மாடி, அஞ்சு மாடின்னு கட்டிட்டாங்க. அவங்க பக்கம் நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா அதுல பில்டர் பூந்தான் பாருங்க, அங்க தான் நமக்கு வில்லங்கம்.

கதை எப்படி நடக்குதுன்னா: நெலம் வச்சிருக்கவரும் பில்டரும் பாதிப் பாதின்னு பேசி அனுமதி இல்லாம ஒரே மூச்சுல கட்டடத்த ஏத்திடுவாங்க. ரூம் ரூமா நோட்டரி பேப்பர்ல விப்பாங்க, ரிஜிஸ்ட்ரேஷன் கெடையாது, பேங்க் லோன் கெடையாது. லோன் கெடைக்காததால வாங்குனவன் மொத்தக் காசும் கையிலேருந்து போட்டிருப்பான், அந்தக் காச எடுக்குறதுக்கு அவன் கண்டுபுடிச்ச வழி ஹெவி டெபாசிட். சென்னைல லீஸுக்கு வீடு எடுப்போம்ல, அதே தான். மொத்தமா 3, 4 லட்சம் குடு, மாச வாடகை 3000 இல்லன்னா சுத்தமா வேண்டாம், காலி பண்றப்ப முழுசா திருப்பித் தர்றேன். எப்படித் திருப்பித் தருவான்? அடுத்து வர்ற ஆள்கிட்ட வாங்கி தான். அடுத்த ஆள் வராத அன்னைக்கு காசு இல்ல, அவ்ளோதான்.

நான் சொன்ன அந்த சித்தி பையன் சங்கரன்கோவில் பக்கம், மகாபேல வேலை, வீட்ல கல்யாணப் பேச்சு வேற நடந்துட்டு இருந்துச்சு. மாசா மாசம் 20,000 வாடகைக்குப் போகுதே, அக்கா நகைய வச்சு மொத்தமா குடுத்துட்டா மிச்சம்னு கணக்குப் போட்டிருக்கான். கணக்கு தப்பில்ல. புரோக்கர் தமிழ்ல பேசியிருக்கான், "தம்பி நானும் திருநெல்வேலி தான், நம்ம புள்ளைய ஏமாத்துவேனா"ன்னு. இங்க வந்து ஹிந்தியும் மராட்டியும் கேட்டு கேட்டு காது காஞ்சு கெடக்கும்போது ஒருத்தன் "சாப்டியா தம்பி"ன்னு கேட்டா மனசு எளகத் தான் செய்யும், அத வச்சு தான் அவன் சம்பாதிக்கிறான். பொங்கலுக்கு சேர்ந்து கோலம் போட, செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போக நம்ம ஆளு வேணும். டெபாசிட் குடுக்குறதுக்கு இண்டெக்ஸ் டூ (வீடு யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆச்சுன்னு காட்டுற பதிவுத்துறை பேப்பர்) வேணும்.

அந்த அக்ரிமென்ட்ட அவன் எனக்கு அப்புறமா காட்டினான். 500 ரூபா பத்திரம், நோட்டரி சீல், ரெண்டு பக்கம் மராட்டி. முகவரின்னு போட்டிருந்த எடத்துல ரூம் நம்பர் இருக்கு, கட்டடத்துக்கு ஒரு பேரு இருக்கு, அப்புறம் "தேவி மந்திர் பின்புறம்". பிளாட் (மனை) நம்பர் இல்ல, செக்டர் இல்ல, சர்வே நம்பர் இல்ல. ஒரு வீட்ட சட்டப்படி அடையாளம் காட்ட என்ன வேணுமோ அது எதுவுமே அந்தப் பேப்பர்ல இல்ல. கையெழுத்து போட்ட "ஓனர்" யாருன்னா ரூம வாங்குனவனோட மச்சினன்.

மழைக்கு முன்னாடி கீழ கரண்ட் மீட்டர் பாக்ஸ் மேல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. மராட்டில இருந்ததால நம்மாளு அத கேஸ் கம்பெனி விளம்பரம்னு நெனச்சு தாண்டி தாண்டிப் போயிருக்கான். பக்கத்து ரூம் பீகார் பையன் ஃபோன்ல மொழிமாத்திப் பாத்து சொன்னப்புறம் தான் தெரியும், கட்டடம் அனுமதி இல்லாதது, காலி பண்ணுங்கன்னு. ஓனர் ஃபோன் எடுக்கல. மச்சினன் "நான் சாட்சிக் கையெழுத்து தானே போட்டேன்"ங்கிறான். புரோக்கர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். "அத்தான், மீட்டர் இருக்கு, வீட்டு வரி ரசீது கூட காட்டுனாங்களே"ன்னு அழாத கொறையா கேட்டான்.

இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, மகாராஷ்டிராவுல அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வீட்டு வரி வசூல் பண்ணுவாங்க, அபராதத்தோட சேத்து. கரண்ட் மீட்டரும் குடுப்பாங்க. ரெண்டுமே கட்டடம் சரியானதுன்றதுக்கு சாட்சி ஆகாது. நம்ம ஊர்ல ஈபி கார்டும் வீட்டு வரி ரசீதும் பாத்துட்டு "எல்லாம் கரெக்டா இருக்கு"ன்னு சொல்லிப் பழகிட்டோம், அந்தப் பழக்கம் இங்க செல்லாது.

பயமுறுத்துறதுக்காக சொல்லல, ஐரோலி பக்கத்துல இருக்க திகாங்கிற ஊர்ல ஹைகோர்ட் உத்தரவுல 2015-லேருந்து 90-க்கு மேல கட்டடம் இடிப்பு லிஸ்ட்ல வந்து, குடும்பத்தோட இருந்தவங்க ரோட்டுக்கு வந்தாங்க. 2024 ஜூலைல பேலாபூர் ஷாபாஸ் கிராமத்துல ஒரு கட்டடம் காலங்காத்தால அப்படியே சரிஞ்சு மூணு பேர் செத்தாங்க. வேணாம்பா டோம்பிவிலி போயிடுறேன், அங்க தமிழாளுங்க ஜாஸ்தின்னு சொல்றீங்களா, அங்க போலி பேப்பர் வச்சு ரெரா (கட்டடத் திட்டங்கள பதிவு பண்ற அரசு அமைப்பு) நம்பரே வாங்கின 65 கட்டடத்த இடிக்கச் சொல்லி அதே 2024-ல உத்தரவு வந்துச்சு.

சரி, என்ன செய்யணும். இங்க 11 மாசமா இருந்தாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமென்ட்ட (வாடகை ஒப்பந்தத்துக்கு இங்க அதான் பேரு) ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், 1999 வாடகை சட்டத்துல 55-வது பிரிவு. பண்ண வேண்டிய பொறுப்பு ஓனருக்கு, பண்ணலன்னா அவருக்கு அபராதமோ மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ. ரிஜிஸ்டர் ஆகாத கேஸ்ல வாடகைக்கு இருக்கவன் சொல்றத தான் கோர்ட் முதல்ல எடுத்துக்கும், ஓனர் வேணும்னா மறுத்து நிரூபிக்கணும். இத போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிப் பாருங்க, குரல் மாறும். நம்ம பையன் கேஸ் இப்ப இந்த ஒரு கயித்துல தான் தொங்குது.

செலவு எவ்ளோன்னு பாத்தா வயித்தெரிச்சல். மொத்த வாடகையும், டெபாசிட்டுக்கு வருஷம் 10 பர்சென்ட் கணக்குல வட்டியும் கூட்டி, அதுல கால் பர்சென்ட் ஸ்டாம்ப் டியூட்டி. 4 லட்சம் டெபாசிட், 3000 வாடகை, 11 மாசம்னா 200 ரூபா கூட வராது. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 1000. வீட்டுக்கே ஆள் வந்து ஆதார் நம்பர் போட்டு கைரேகை வச்சு முடிச்சுடுவாங்க, அவங்களுக்கு தனியா கொஞ்சம் குடுக்கணும். "எதுக்கு தம்பி வீண் செலவு, நோட்டரி போதும்"னு எவன் சொன்னாலும் அங்கேயே பேச்ச முடிச்சுக்கோங்க. பதிவு பண்ண வந்தா அவன் ஓனர் இல்லன்னு தெரிஞ்சுடும், அதான் அந்தப் பாசம்.

அதுக்கும் முன்னாடி, டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடியே, ஓனர் வீட்ட வாங்குன இண்டெக்ஸ் டூ காப்பி கேளுங்க. பதிவுத்துறை வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம். சொசைட்டி இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆபீஸ்ல போய் செகரட்டரிய பாத்து இந்த ஃப்ளாட் யார் பேர்ல, மெயின்டெனன்ஸ் பாக்கி இருக்கா, கட்டடத்துக்கு ஓசி (குடியிருக்கலாம்னு குடுக்குற சர்டிஃபிகேட்) வந்துச்சான்னு கேளுங்க, மூஞ்ச சுழிப்பாரு, பரவால்ல. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி கார்ப்பரேஷன் ஆபத்தான கட்டடம் லிஸ்ட் விடும், அதுல சி-1னு போட்டிருந்தா உடனே காலி பண்ண வேண்டிய கட்டடம்னு அர்த்தம். டெபாசிட் பேங்க் வழியா, பத்திரத்துல பேர் இருக்கவங்க அக்கவுன்ட்டுக்கு மட்டும்.

மத்ததெல்லாம் பெரிய வேலை இல்ல. போலீஸ்ல வாடகைதாரர் தகவல் ஆன்லைன்ல குடுக்கணும், ரிஜிஸ்டர் பண்ண அக்ரிமென்ட்ட வச்சு ஆதார்ல அட்ரஸ் மாத்திக்கலாம், கேஸ் கனெக்‌ஷனும் அத வச்சே வாங்கிடலாம். சென்னை ட்ரெய்ன்ல வர்றவங்க தாதர் வரைக்கும் போய் சாமான் தூக்கிட்டு அலையாதீங்க, கல்யாண்ல எறங்கி தாணே வந்து ட்ரான்ஸ் ஹார்பர் லைன் புடிங்க, ஐரோலி, கன்சோலி, கோபர்கைரானே எல்லாம் வரிசையா வரும்.

பையன் இப்ப நேருல்ல இன்னும் மூணு பேரோட ஷேரிங்ல இருக்கான், கல்யாணம் தையிலேருந்து ஆவணிக்குத் தள்ளிப் போயிருக்கு, நகை இன்னும் மீக்கல. புகார் குடுத்தாச்சு, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு.

ஒரு வேண்டுகோள். வீடு பாத்துட்டு ஹால், கிச்சன் ஃபோட்டோவ அனுப்பி "அண்ணே ஓகேவா"ன்னு கேக்காதீங்க, டைல்ஸ பாத்து எனக்கு ஒண்ணும் தெரியாது, கிராமத்துக் கட்டடத்துல செக்டர விட டைல்ஸ் பளபளன்னு தான் இருக்கும். பிளாட் நம்பரும் செக்டர் நம்பரும் அனுப்புங்க, அத வச்சு பாத்து சொல்றேன்.