பெயரில்லாத பழைய பேஸ் கிட்டாரை அடையாளம் கண்டு மீட்டெடுக்கும் முறை

பழைய பொருள் விற்கும் இடத்தில் ஒரு பேஸ் கிட்டாரை வாங்கி வருகிறீர்கள். அதன் தலைப்பகுதியில் பெயர் இல்லை, பின்புறத்தில் எண்ணும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கை முதலில் துணியைத்தான் தேடும். அந்தத் துணியைச் சற்று நேரம் ஒதுக்கி வையுங்கள். பெயரில்லாத கருவியில் அழுக்கின் ஓரம், பழைய ஈயப் பற்று, துருவேறிய திருகு, மரத்தில் யாரோ எழுதிய பென்சில் குறி ஆகிய ஒவ்வொன்றும் அது எங்கே, எப்போது உருவானது என்பதற்கான சான்று. பழகத் தொடங்கிய காலத்தில், நெக் எனப்படும் கழுத்துப்பகுதி உடலோடு பொருந்தும் குழிக்குள் இருந்த பென்சில் எழுத்தை அழுக்கென்று நினைத்து நான் துடைத்துவிட்டேன். அந்தக் கருவியின் வயதை அதன் பிறகு உறுதி செய்யவே முடியவில்லை. ஆகவே முதலில் அடையாளம் காண்பது, பிறகே சீரமைப்பது என்ற வரிசையை இந்த விளக்கம் முழுவதும் கடைப்பிடிக்கிறேன். எடுத்துக்காட்டாக, அண்மையில் என் மேசைக்கு வந்த, இரண்டு பிக்-அப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) கொண்ட நான்கு தந்திக் கருவி ஒன்றைச் சொல்கிறேன்.

இத்தனை கருவிகள் பெயரின்றி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1960களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெருமளவில் கிட்டார்களை அனுப்பின. 1946இல் தொடங்கப்பட்டு 1967இல் கவாய் நிறுவனத்தின் கைக்குப் போன டெய்ஸ்கோ, மட்சுமோட்டோ நகரில் 1960இல் தொடங்கிய ஃபுஜிகென், அதே நகரில் 1987 வரை இயங்கிய மட்சுமோகு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இறக்குமதி செய்த வணிகர்கள் தத்தம் பெயரைப் பொறித்த சிறு தகட்டைத் தலைப்பகுதியில் ஆணியடித்து விற்றார்கள். ஒரே கருவி மூன்று நான்கு பெயர்களில் கடைக்கு வந்தது. தகடு விழுந்துவிட்டால் பெயரும் போய்விடும். எனவே இது எந்தப் பெயரில் விற்கப்பட்டது என்பதும் யார் செய்தது என்பதும் இரு வேறு கேள்விகள்.

முதல் படி: தந்திகள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்

பழைய தந்திகளை உடனே கழற்றாதீர்கள். நெக் வளைந்திருக்கிறதா என்பது தந்தியின் இழுவிசை இருக்கும்போதுதான் சரியாகத் தெரியும். சாதாரண 34 அங்குலக் கருவியில் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையில் இழுக்கின்றன. ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டியபின், தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது அல்லது எட்டாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நெக் நலமாக இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மற்ற வேலைகளில் பணம் செலவழிக்கும் முன் இதைத் தீர்க்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். பிறகு எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். தலைப்பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுப்பது நல்லது.

இரண்டாம் படி: அளவு

நட் எனப்படும் மேல் தாங்கியின் உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நடுப்பகுதி வரை அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் தந்தியின் ஒலிக்கும் நீளம் கிடைக்கும். உடலில் தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரை நேரடியாக அளந்தால், அதிலுள்ள தாங்கிகள் முன்பின் நகர்த்தப்பட்டிருப்பதால் பிழை வரும். 1951இல் வந்த ஃபெண்டர் பிரெசிஷன் பேஸின் நீளம் 34 அங்குலம். அதைப் பார்த்துச் செய்தவையும் பெரும்பாலும் அதே அளவில் இருக்கும். கிப்சனின் குட்டை பேஸ்கள் 30.5 அங்குலம். 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸும் ஜெர்மனியின் ஹாஃப்னர் வயலின் வடிவ பேஸும் ஜப்பானிய மலிவு விலைக் கருவிகளில் பலவும் 30 அங்குலம். என் மேசையிலிருந்த கருவியில் பன்னிரண்டாவது ஃபிரெட் வரை 38.1 சென்டிமீட்டர், அதாவது மொத்தம் 30 அங்குலம். அரை அங்குல வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும், கிப்சனைப் பார்த்துச் செய்த கருவியா இல்லையா என்பதை அது உணர்த்திவிடும்.

மூன்றாம் படி: திறந்து பார்த்தல்

இப்போது தந்திகளைத் தளர்த்திக் கழற்றலாம். ஜப்பானியத் திருகுகளின் தலையிலுள்ள கூட்டல் குறி வடிவம் நம்மிடம் இருக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு முழுதாகப் பொருந்தாது. வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரக்குறியீடு) வகை டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்வது இந்த வேலையில் செய்யத்தக்க சிறந்த செலவு. துருப்பிடித்த உலோகத் திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவைத்தால் அநேகமாக இளகிவிடும். மரத்தில் இறங்கும் திருகுக்கு எண்ணெய் வேண்டாம், மரம் ஊறிப் பிடிப்பு போய்விடும்.

நெக்கைக் கழற்றி, அதன் அடிப்பகுதியிலும் அது பொருந்தும் குழியிலும் முத்திரை, எண், பென்சில் குறி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிக்-அப் குழிக்குள் மரத்தின் வெட்டு முகம் தெரியும். அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. வால்யூம், டோன் கட்டுப்பாடுகளின் பின்புறத்தில் ஏழு இலக்க எண் இருந்தால் அது அமெரிக்க உற்பத்திக் குறியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும், கடைசி இரண்டு வாரத்தையும் காட்டும். 1377012 என்றால் சி.டி.எஸ். நிறுவனம் 1970ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் செய்தது. இந்தத் தேதி அந்தப் பாகத்துடையது. கருவி அதற்கு முன்பு முழுமை பெற்றிருக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஈயப் பற்று இருமுறை உருகியதுபோல் மேடாக இருந்தால் பாகத்தையே பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்பதால் அந்தச் சான்றுக்கு மதிப்புக் குறைவு.

என் கருவியில் எண் ஏதும் இல்லை. திருகுகள் மில்லிமீட்டர் அளவில் இருந்தன. உடல் ஒட்டுப்பலகை. தலைப்பகுதியில் இரண்டு ஆணித் துளைகளும், அவற்றைச் சுற்றி வெயில் படாமல் நிறம் மங்காத ஒரு நீள்வட்டமும் இருந்தன. பெயர்த்தகடு இருந்த இடம் அது. நெக்கின் பின்தகட்டில் எஃகு வலுவூட்டிய நெக் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அந்த வாசகம் ஜப்பானியக் கருவிகளில் பரவலாக உண்டு. அதை மட்டும் வைத்துத் தொழிற்சாலையைச் சொல்ல இயலாது.

இங்கே ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ஒரே ஓர் ஒற்றுமையை நம்பிப் பெயர் சூட்டாதீர்கள். தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டும் டியூனிங் கீ போன்ற பாகங்களைப் பல தொழிற்சாலைகள் ஒரே இடத்தில் வாங்கின. தலைப்பகுதியின் வெளிக்கோடு, நெக் குழியின் வடிவம், பிக்-அப்பின் மூடி ஆகிய மூன்றும் அக்கால விலைப்பட்டியலில் உள்ள ஒரே மாதிரியோடு ஒத்துப்போன பிறகே முடிவுக்கு வாருங்கள். விற்கும்போது தவறான பெயரைச் சொன்னால் வாங்குபவர் ஏமாறுவார் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: சுத்தம்

இப்போது துணியை எடுக்கலாம். ஈரத்தைப் பிழிந்த மென்துணியில் தொடங்கி, போகாத பிசுக்குக்கு மட்டும் லைட்டரில் ஊற்றும் நாஃப்தாவைத் துணியில் சிறிது நனைத்து, சன்னலைத் திறந்துவைத்து, நெருப்பில்லாத இடத்தில் துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் கூடவே கூடாது. பழைய நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு நிமிடத்தில் கரைந்து ஒட்டும். ஃபிரெட்டுகளை மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்க்கும்போது பிக்-அப் உடலில் இருந்தால் அதை டேப்பால் முழுக்க மூடிவிடுங்கள். எஃகுத் துகள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. பூச்சில்லாத ரோஸ்வுட் பலகைக்கு எலுமிச்சை எண்ணெய் ஒரு மெல்லிய தடவல் போதும்.

ஐந்தாம் படி: நெக்கும் மின்பகுதியும்

நெக்கின் ஏதாவது ஒரு முனையில் டிரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே வைத்த கம்பி) திருகும் வாய் தெரிந்தால், பொருத்தமான சாவியால் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். வலப்புறம் இறுக்கினால் முன்வளைவு குறையும். திரும்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். முறிந்த கம்பியைச் சரிசெய்யும் கூலி கருவியின் விலையைத் தாண்டும். வாய் எதுவும் இல்லையென்றால் உள்ளே அசையாத எஃகுத் தண்டு மட்டுமே இருக்கலாம். அதற்கு மென்மையான தந்திகளே தகும். நெக் நேராக இருந்தும் தந்தி உயரமாக நின்றால், குழியில் பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்துப் பொருத்த, நெக் பின்னோக்கிச் சாய்ந்து தந்தி இறங்கும். திருகுத் துளை தளர்ந்திருந்தால் மூங்கில் குச்சியை மரப்பசையில் தோய்த்து நிரப்பி, உலர்ந்தபின் புதிதாகத் துளையிடலாம்.

அடுத்து மல்டிமீட்டரை இருபது கிலோ ஓம் நிலையில் வைத்துப் பிக்-அப்பின் இரு வயர்களையும், இணைப்பிலிருந்து ஒன்றைப் பிரித்தபின் சோதியுங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. எல்லையற்றது என்று காட்டினால் மயிரிழைபோன்ற செம்புக்கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர் அதைத் தொடாமல், சுருள் சுற்றித் தருபவரிடம் ஒப்படைப்பதே சரி. கரகரப்புக்கு மின்தொடர்புச் சுத்திகரிப்பான் ஒரு பீச்சு போதும். தந்தியைத் தொட்டாலும் ரீங்காரம் மாறாமல் இருந்தால், பிரிட்ஜின் அடியிலிருந்து வரும் தரை (எர்த்) வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். என் கருவியில் அதுதான் விட்டுப்போயிருந்தது. பழைய ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம்.

ஆறாம் படி: தந்தி ஏற்றுதல்

30 அங்குலக் கருவிக்குக் குறுநீளத் தந்தியே வாங்குங்கள். நீளத் தந்தியின் தடித்த பகுதி கீயின் தண்டில் சுற்றப்பட்டால் உள்கம்பி ஒடிந்து ஒலி மங்கிவிடும். சுருதி கூட்டி ஒரு நாள் விட்டபின் நெக்கின் வளைவை மீண்டும் அளந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரத்தை 2 முதல் 2.5 மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். பிறகு அதே இடத்தில் இலேசாகத் தொட்டெழுப்பும் சுரத்தையும் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜின் தாங்கியைப் பின்னுக்கும், இறங்கி ஒலித்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையிலிட்டுக் கருவியோடு வையுங்கள். அளந்த அளவு, மாற்றிய பாகம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மூடியைத் திருகுமுன் மின்பகுதிக் குழிக்குள் மடித்து வைத்துவிடுங்கள்.